மூன்றாவது தோட்டா

பாதுவா, 14 நவம்பர் 1994

இன்ஜினியர் ஃபவுஸ்தீனோ பெல்லேரி அவர்களுக்கு,

பிப்ரவரியில், சான் ஃபவுஸ்தீனோ திருநாளன்று, நம் வால் துரோம்பியா பள்ளத்தாக்கின் ஆயுதக் காட்சியகத்தில் நீங்கள் திறக்கப்போகும் புதிய கூடத்தின் வாசகங்கள் என் கைக்கு வந்தன. யார் அனுப்பியது என்று கேட்காதீர்கள். நகராட்சியில் எனக்கும் ஒரு பள்ளித் தோழி இருக்கிறாள்.

பன்னிரண்டாம் எண் கண்ணாடிப் பெட்டிக்கு நீங்கள் எழுதியிருப்பது இது: ‘லூச்சோலா. சட்டைப்பையில் வைக்கும் கைத்துப்பாக்கி, 6.35 மி.மீ. தமோந்தி தொழிற்சாலை, 1958–60. நேர்த்தியான வடிவமைப்பு. தோட்டா நிரப்பும் கூடான மேகசினைச் செய்யும் பிரிவில் பணிபுரிந்த பெண்களின் கவனக்குறைவால் தோட்டா ஏறுவதில் கோளாறு உண்டாகி, தயாரிப்பு நிறுத்தப்பட்டது.’

வாசகத்துக்கு மேலே ஒரு புகைப்படம். நீண்ட மேசை, பதினொரு பெண்கள். பத்துப் பேர் குனிந்து வேலை பார்க்கிறார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள். அவள் என் தாய், ஓர்சோலா பெதெர்சினி. இப்போது எழுபத்து நான்கு வயது. உங்கள் காட்சியகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். தினமும் ரொட்டி வாங்க உங்கள் வாசல் வழியாகத்தான் போகிறாள்.

நான் பாதுவா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கிறேன். ஆதாரம் கேட்பது என் தொழில். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன். ஆதாரம் இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மேசைத் துணியின் மடிப்புக்கூட ஓரத்தோடு ஓரம் பொருந்தியிருக்கும். அப்படி மடித்துவைக்கும் பெண்மணியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எல்தா பெதெர்சினி


வால் துரோம்பியா, 23 நவம்பர் 1994

டாக்டர் பெதெர்சினி அவர்களுக்கு,

திருட்டு நகலை வைத்துக்கொண்டு என்னிடம் ஆதாரம் கேட்கிறீர்கள். இருக்கட்டும்.

காட்சியகத்தில் 1959-ஆம் ஆண்டு செய்த லூச்சோலாக்கள் ஆறு இருக்கின்றன. ஆறுமே சிக்கிக்கொள்கின்றன. முதல் தோட்டா வெடிக்கும். இரண்டாவது வெடிக்கும். மூன்றாவது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு குழலின் வாயில் மாட்டி நிற்கும். கைத்துப்பாக்கியைப் பற்றி ஏதாவது தெரிந்த எவரும் முதலில் சந்தேகப்படுவது மேகசினின் மேல் விளிம்பைத்தான். அதை நாங்கள் உதடு என்போம். தோட்டாவைப் பிடித்துவைத்து, சரியான நொடியில் விடுவது அந்த இரண்டு உதடுகள். அவற்றை வளைத்துப் பக்குவம் செய்வது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. முடிவு தானாக வருகிறது.

உங்கள் தாயாரைத் தனிப்பட்ட முறையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தென்னமெரிக்காவிலிருந்து நானூறு துப்பாக்கிகள் திரும்பி வந்தன. ‘இரண்டு தடவை மினுக்கிவிட்டு அணைந்துபோகும் மின்மினி’ என்று லூச்சோலா என்ற பெயரின் பொருளையே வைத்து வியாபாரிகள் கேலி செய்தார்கள். 1960-இல் நாற்பது பேரை நிறுத்தினார்கள். நாற்பது குடும்பங்கள், டாக்டர். லூச்சோலாவை வரைந்தவன் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அதன்பிறகு யாரும் என்னிடம் ஒரு துப்பாக்கியை வரையச் சொல்லவில்லை. முப்பது வருடம் வேட்டைத் துப்பாக்கியின் கட்டைப்பிடிக்குத் திருகாணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

வாசகம் அப்படியே இருக்கும்.

இன்ஜினியர் ஃ. பெல்லேரி


பாதுவா, 30 நவம்பர் 1994

இன்ஜினியர் அவர்களுக்கு,

‘முடிவு தானாக வருகிறது’ என்று என் மாணவன் எழுதியிருந்தால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

உதடுகளை அளந்தீர்களா? உங்கள் கடிதத்தில் ஓர் எண்கூட இல்லை. முப்பத்தைந்து வருடமாக அழுத்திக் கிடந்த ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தீர்களா? எந்தத் தோட்டாவைப் போட்டீர்கள், எத்தனை வகை? குழலின் வாயில் தோட்டா ஏறும் சரிவில் பழைய எண்ணெய் கட்டி நிற்கிறதா? இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பதினொரு பெண்களை நோக்கிக் கை நீட்டியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது எப்போதும் சுலபம். அவர்கள் குனிந்திருந்தார்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு முறையும் மேகசினில் எத்தனை தோட்டா போட்டீர்கள்? ஆறு போட்டால் மூன்றாவது சிக்குகிறது. சரி. ஐந்து போட்டால்? நான்கு போட்டால்? அப்போதும் மூன்றாவதுதானா? எழுதுங்கள். நான் இந்தச் சாதனத்தைக் கையால் தொட்டதில்லை. தொட விருப்பமும் இல்லை. ஆனால் எது மாறும்போது எது மாறுகிறது என்று பார்க்கத் தெரியும்.

எ. பெதெர்சினி


வால் துரோம்பியா, 11 டிசம்பர் 1994

டாக்டர் அவர்களுக்கு,

உங்களுக்காக இல்லை, எனக்காகச் சோதித்தேன்.

சனிக்கிழமை காலை சுடுபயிற்சிக் களத்துக்கு ஆறையும் எடுத்துப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் தொனீனோ. தமோந்தியில் குழல் துளைத்தவர், வாய் அதிகம். பெட்டியைத் திறந்ததுமே சிரித்தார்.

“என்ன இன்ஜினியரே, பழைய காதலிங்கள கூட்டிட்டு வந்துட்டீங்க?”

“சோதனை பண்ணணும் தொனீனோ.”

“முப்பத்தஞ்சு வருசம் கழிச்சா? நல்லது. அவசரப்படக் கூடாதில்ல.”

முதலில் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினோம். சரிவைத் துணியால் துடைத்தேன். அரம் போடவில்லை, காட்சியகப் பொருளுக்கு நான் அரம் போட மாட்டேன். பிரேசியா நகரத்திலிருந்து புது ஸ்பிரிங் ஆறு வரவழைத்திருந்தேன். மூன்று வகைத் தோட்டா, மூன்றும் உருண்டை மூக்குள்ளவை. பலன் ஒன்றே. ஆறு போட்டால் மூன்றாவது நிற்கிறது. மேகசினை வெளியே எடுத்து அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் மிச்சமெல்லாம் ஒழுங்காக ஏறுகின்றன.

நீங்கள் கேட்டபடி ஐந்து போட்டேன். சிக்கியது இரண்டாவது. நான்கு போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. மூன்று, ஒன்றுமில்லை. இதைப் பார்த்து தொனீனோ, “ரெண்டு போடுங்க இன்ஜினியரே. ரெண்டு போட்டா அது எப்பவும் தங்கம்தான்” என்றார். எதற்காக அவ்வளவு சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

உதடுகளையும் அளந்தேன். பன்னிரண்டும் என் வரைபடத்தில் உள்ள அளவுக்குள் இருக்கின்றன. சொல்லப்போனால், வரைபடம் கேட்டதைவிட நெருக்கமாக. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பெல்லேரி


பாதுவா, 18 டிசம்பர் 1994

இன்ஜினியர் அவர்களுக்கு,

உதடுகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தச் சொல் இனி உங்கள் வாசகத்தில் நிற்க முடியாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆறு போட்டால் மூன்றாவது, ஐந்து போட்டால் இரண்டாவது, நான்கு போட்டால் எதுவுமில்லை. ஆக, சிக்குவது தோட்டா அல்ல. தோட்டாக்களை அடியிலிருந்து தூக்கும் தகடு ஏறிவரும்போது, மேகசின் குழாய்க்குள் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் அழுத்தும்போது அந்த இடத்தைத் தாண்டிக் கீழே போகிறது. ஸ்பிரிங்கின் பலத்தில் மேலே வர முடியவில்லை. தட்டினால் விடுபடுகிறது. நான்கோ அதற்குக் குறைவோ போட்டால் தகடு அந்த இடத்துக்கு இறங்குவதே இல்லை.

இது ஆறு துப்பாக்கிகளிலும் ஒரே இடத்தில் நடக்கிறது. கவனக்குறைவுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது, இன்ஜினியர். கவனமில்லாத கை ஒன்றில் மேலே தவறும், இன்னொன்றில் கீழே தவறும், மூன்றாவதைச் சரியாகவே செய்துவிடும். ஆறிலும் ஒரே இடத்தில் வரும் பிழை தாளிலிருந்துதான் வர முடியும். அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. உங்கள் வரைபடம்தான் தவறு. முப்பத்தைந்து வருடமாக அதைப் பெண்களின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

குழாய்க்குள் விளக்கு அடித்துப் பாருங்கள். தமோந்தியில் சோதனை எப்படி நடந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆறு தோட்டாவும் போட்டுச் சுட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமே?

எ. பெதெர்சினி


வால் துரோம்பியா, 3 ஜனவரி 1995

டாக்டர் பெதெர்சினி,

என் வரைபடத்தில் தவறில்லை. 1958-ஆம் ஆண்டு லூச்சோலாக்கள் இரண்டு நிலவறையில் இருந்தன. அதே வரைபடம், அதே அச்சு, அதே மேசை. ஆறு ஆறு தோட்டா போட்டு, ஒவ்வொன்றிலும் நாற்பத்தெட்டு சுட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுகூட.

அதன்பிறகு நீங்கள் சொன்னபடி விளக்கடித்துப் பார்த்தேன். பல் மருத்துவரான என் மருமகனின் சிறு கண்ணாடி உதவியது. ஒவ்வொரு மேகசினின் பக்கவாட்டிலும் அதைப் பக்குவம் செய்தவளின் முத்திரை குத்தியிருக்கும். அரிசி அளவு. இலை, மணி, மீன் என்று ஒவ்வொருத்திக்கும் ஒன்று. 1958-இல் அது மேகசின் சுவரின் மேல்தோலில் மட்டும் பதிந்திருக்கிறது. 1959-இல் ஓர் அடி பலமாக அடித்திருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே ஒரு பரு புடைத்திருக்கிறது. தோட்டாக்களைத் தூக்கும் தகடு முட்டி நிற்பது அதில்தான்.

ஆறு மேகசின்களில் நான்கு விதமான முத்திரைகள். ஆக, இது ஒருத்தியின் வேலை இல்லை. மூன்றில் இருப்பது ஒரு சாவி. உங்கள் தாயாரின் முத்திரை எது?

சோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். 1959 ஜனவரியிலிருந்து துப்பாக்கிக்கு இரண்டு தோட்டா மட்டும் என்று உத்தரவு. சிக்கனம். கையெழுத்து என்னுடையது. மேகசின் பிரிவின் சுவரிலும் அதை ஒட்டியிருந்தார்கள். ஆக, அவர்களுக்குத் தெரியும். இரண்டைத் தாண்டி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே அந்த இடத்தில் அடித்தார்கள்.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன். உங்கள் விருப்பப்படியே. அந்த இடத்தில் ‘நாசவேலை’ என்று வரும். செய்தித்தாளுக்கும் எழுதப்போகிறேன். என் வாழ்க்கையைப் பதினொரு பேர் ஒரு சுத்தியலால் முடித்திருக்கிறார்கள். நான் இவ்வளவு நாளாக அவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று மன்னித்துக்கொண்டிருந்தேன்.

பெல்லேரி


பாதுவா, 10 ஜனவரி 1995

இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்கள் வரைபடத்தைப் பற்றி நான் எழுதியது தவறு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சாவி என் தாயுடையது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறி அவளிடம் போனேன். வியாழக்கிழமை. சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்களில் உயிரோடு இருக்கும் நால்வர். தொனீனோவின் மனைவி அவர்களில் ஒருத்தி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உங்களுக்கு இப்போது தெரிகிறது. கடிதத்தை உரக்கப் படித்தேன். அம்மா கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“அட, கண்டுபிடிச்சுட்டாரா? அவரேவா?”

“நான் கேட்டதால கண்டுபிடிச்சார். அம்மா, இது நிஜமா?”

“நிஜம்தான். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். இன்ஜினியருக்கு யாருடி போய்ச் சொல்லுவா?”

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது குடும்பங்கள் என்று சொன்னேன். குரலை உயர்த்தினேன் என்று நினைக்கிறேன். என் தாயிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

“அந்த நாப்பதுல முதல் பத்துப் பேர் நாங்கதான். அறுபதாம் வருசம் குளிர்காலம் முச்சூடும் ஏன் வெறும் போலெந்தாச் சோளக்கூழ் தின்னேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா? அடுத்தவன் வீட்டுத் தரையைத் துடைச்சுத்தான் உன்னைப் படிக்க வெச்சேன். மிச்ச முப்பது பேர் கணக்கு எனக்குத் தெரியும். அதுக்குப் பாவமன்னிப்புக் குடுக்க நீ சாமியார் ஆக வேணாம், கோயில்ல ஒருத்தர் இருக்கார்.”

பிறகுதான் பிரிஜிதாவைப் பற்றிச் சொன்னாள். பிரிஜிதா சாலேரி. புகைப்படத்தில் வலது ஓரம், மிகச் சிறிய பெண். வேலைக்குச் சேரும்போதே எல்லாப் பெண்களிடமும் தேதி போடாத ராஜினாமா ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கல்யாணம் ஆனால் தேதியை நிரப்பிக்கொள்வார்கள். என் தாய் விதவை என்பதால் அந்தக் கவலை அவளுக்கு இல்லை. 1959 மார்ச்சில் பிரிஜிதா கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது, அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவர் நீங்கள். “தேதிய அங்கியே, எங்க கண்ணு முன்னாடி, பேனாவ உதறிட்டு எழுதினார்” என்றாள் அம்மா. “அதுக்கப்புறம் பிரிஜிதாவப் பாத்து வாழ்த்துக்கள்னாரு.”

மறுநாளிலிருந்து பத்துப் பேரும் ஓர் அடி பலமாக அடித்தார்கள். ஒரு வாரத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், என்ன வேண்டும் என்று கேட்பீர்கள், பிரிஜிதாவைத் திரும்ப எடு என்று சொல்லலாம் என்பதுதான் திட்டம். நீங்கள் கேட்கவே இல்லை. துப்பாக்கிகள் கப்பலேறிப் போய்த் திரும்பி வரும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

“உத்தரவு ரெண்டுதான்னு எங்களுக்கும் தெரியும்டி. ஆனா வரைஞ்ச மனுசன். தான் பெத்த புள்ளைக்கு ஒரு தடவையாவது முழு வயிறு ஊட்டிப் பாக்க மாட்டாரான்னு நெனச்சோம்.”

என் தாய்மீது எனக்குக் கோபம் தீரவில்லை. அதை உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் ‘நாசவேலை’ என்று எழுதுவதாக இருந்தால் முழுவதையும் எழுதுங்கள். அந்தத் தேதி யார் கையெழுத்தில் இருக்கிறது என்பது உட்பட.

எல்தா பெதெர்சினி


வால் துரோம்பியா, 24 ஜனவரி 1995

டாக்டர் அவர்களுக்கு,

தமோந்தியின் பழைய கோப்புகள் எங்கள் நிலவறையில்தான் இருக்கின்றன. நான்கு நாள் தேடினேன். சாலேரி, பிரிஜிதா. 16 மார்ச் 1959. கையெழுத்து அவளுடையது, குழந்தையின் எழுத்துபோல. தேதி என் கையெழுத்து. வாழ்த்துச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அப்போது அப்படித்தான் சொல்வோம். எல்லாத் தொழிற்சாலையிலும் அதுதான் வழக்கம். சட்டம் வந்து தடுக்க இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஆறு தோட்டா போட்டு நான் ஏன் ஒரு முறைகூடச் சுட்டுப் பார்க்கவில்லை என்று கேட்கிறார் உங்கள் தாயார். இரண்டு போதும் என்று நான்தானே எழுதியிருந்தேன். எழுதியவனே நம்பாவிட்டால் எப்படி?

செய்தித்தாளுக்கு எழுதவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரு வாசகம் யோசித்தேன்: ‘தொழில்நுட்பக் காரணங்களால் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.’ யாரையும் குற்றம் சொல்லவில்லை. இதை ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஃபவுஸ்தீனோ பெல்லேரி


பாதுவா, 31 ஜனவரி 1995

இன்ஜினியர் அவர்களுக்கு,

உங்கள் வாசகத்தை ஏற்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியே தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “கவனமில்லாதவள்னு சொன்னா வெக்கம். நாசக்காரின்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன். நான் ஒண்ணுமே செய்யலன்னு எழுதச் சொல்றியா?” என்று கேட்டாள். என் தாயிடம் விவாதத்தில் நான் ஜெயித்தது கிடையாது.

அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இலக்கணத்தைத் தவிர எதையும் திருத்தவில்லை:

‘லூச்சோலா. வரைந்தவர் இன்ஜினியர் பெல்லேரி. நன்றாகவே வரைந்தார். பிரிஜிதா சாலேரி கல்யாணம் செய்துகொண்டாள் என்று 1959 மார்ச் மாதம் அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அதற்காக மேகசின் பிரிவுப் பெண்கள் பத்துப் பேர் முத்திரையை ஓர் அடி பலமாக அடித்தோம். ஒவ்வொன்றையும் அளந்து அடித்தோம். ஆறு போட்டால் மூன்றாவது தோட்டா ஏறாது. சோதனையை இரண்டோடு நிறுத்தியதால் தொழிற்சாலைக்குத் தெரியவில்லை. நாற்பது பேருக்கு வேலை போனது. எங்களுக்கும்தான்.’

இதன்கீழ் பதினொரு பெயர்களும் வர வேண்டும் என்கிறாள். பிரிஜிதாவின் பெயர் முதலில்.

இது உங்களுக்குக் கௌரவமான வாசகம் இல்லை. அவளுக்கும் இல்லை. இதில் பொய் இல்லை என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். முடிவு உங்களுடையது. மறுத்தால், திறப்பு நாளன்று நான் வாசலில் நின்று இதன் நகலை வருபவர்களுக்கு எல்லாம் கொடுப்பேன். கூச்ச சுபாவம் உள்ளவள் நான். இருந்தாலும் நிற்பேன்.

எல்தா பெதெர்சினி


வால் துரோம்பியா, 16 பிப்ரவரி 1995

டாக்டர் பெதெர்சினி அவர்களுக்கு,

நேற்று நீங்கள் வாசலில் நிற்கத் தேவை இருக்கவில்லை. பனியில் ரயில் நின்றுபோனதால் நீங்கள் வர முடியவில்லை என்று உங்கள் தாயார் சொன்னார். ஆகவே நடந்ததை எழுத வேண்டியது என் பொறுப்பு.

மேயர் பேசி முடித்த பிறகு நால்வரும் வந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. தொனீனோ பின்னால், கையில் தொப்பியோடு, முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு. உங்கள் தாயார் பன்னிரண்டாம் பெட்டிக்கு முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசகத்தைக் கடைசி வரி வரை படித்தார். பெயர்களை விரலால் எண்ணினார். பதினொன்று. நான் பக்கத்தில் நின்றேன். முப்பத்தாறு வருடத்துக்கு முன் சொல்ல வேண்டியது ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து, லூச்சோலாவின் பக்கத்தில் தனியாக வைத்திருந்த மேகசினை உற்றுப் பார்த்தார்.

“இன்ஜினியரே, இது என்னோடதா?”

“ஆமாம், அம்மா. சாவி முத்திரை.”

“சாவி எங்க? அது சுவரப் பாத்துக்கிட்டுல்ல கெடக்கு. இந்தப் பக்கமிருந்து பாக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒரு வேலையச் செஞ்சா கவனமாச் செய்யக் கூடாதா?”

பெட்டியின் திறவுகோலைக் கொண்டுவரச் செய்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மேகசினைத் திருப்பி வைத்தேன்.

ஃபவுஸ்தீனோ பெல்லேரி